பழைய அடைப்பு மாத்திரையில் கரையாது

"ஆறு மாசமா மாத்திரை சாப்பிடுறேன் டாக்டர், கட்டி இன்னுமா கரையல?"

காலின் சிரையில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில், ரத்தக்கட்டி அடைத்து, கால் வீங்கி, கணுக்காலின் உள்பக்கம் கறுத்துப்போய் வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான். கரையாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை புதுக் கட்டி சேராமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். இருக்கும் கட்டியைக் கரைப்பது உடம்பின் வேலை. உடம்பு கரைக்காமல் விட்ட மிச்சம் தழும்பாகிவிடும். குழாய் வழியே மருந்து செலுத்திக் கரைப்பதற்கும் முதல் இரண்டு வாரம்தான் நல்ல நேரம். வருடக்கணக்கில் அடைபட்ட சிரையைத் திறந்தால் உள்ளே ரத்தக்கட்டியே இருக்காது. சுவர் தடித்து, குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை நார்கள் ஓடும். அந்த நாரை எந்த மாத்திரை கரைக்கும்?

இடது கால் மட்டும் வீங்கினால் இடுப்பையும் பார்க்க வேண்டும். இடுப்பில் ஓடும் வலது இலியாக் தமனி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்) இடது இலியாக் சிரையை முதுகெலும்போடு வைத்து அழுத்துவதை மே, தர்னர் என்ற மருத்துவர்கள் இருவரும் 1957-லேயே விவரித்துவிட்டார்கள். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் வழக்கமான கால் டாப்ளர் ஸ்கேன் கவட்டையோடு நின்றுவிடும். அதனால்தான் 'டாப்ளர் நார்மல்' என்ற சீட்டோடு பலர் அலைகிறார்கள். நடந்தால் தொடை வெடிப்பதுபோல் வலித்து, காலைத் தூக்கி வைத்தால் குறைகிறதா? இடுப்புச் சிரைகளையும் காட்டும் சிடி அல்லது எம்ஆர் வீனோகிராம் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள்.

அடிவயிற்றின் கீழ்விளிம்பில் குறுக்காகப் புடைத்து ஓடும் சிரையை மட்டும் தயவுசெய்து அழகுக்காக எடுக்கச் சொல்லாதீர்கள். அடைபட்ட காலின் ரத்தம் மறுபக்கம் போக உடம்பே போட்டுக்கொண்ட வழி அது.

தழும்புக்குள் கம்பியை நுழைத்து, பலூனால் விரித்து, சிரையைத் திறந்தே வைத்திருக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைக்கிறோம். பலூன் மட்டும் போதாது, தழும்பு திரும்பச் சுருங்கிவிடும். இடுப்புச் சிரைக்கான ஸ்டென்ட்டுக்குப் பொதுவாக 14 முதல் 16 மி.மீ. விட்டம் வேண்டும். சிரைக்குள்ளிருந்தே பார்க்கும் அல்ட்ராசவுண்டில் அளந்து வைப்பதே நல்லது. சிறியதை வைத்து அது நழுவி இதயத்துக்கே போனதும் உண்டு. தொடையிலிருந்து மேலே வரும் ஓட்டம் மோசமென்றால் எவ்வளவு நன்றாக வைத்த ஸ்டென்ட்டும் அடைக்கும். அப்படிப்பட்டவர்களில் சிலருக்குக் கவட்டையைத் திறந்து, சிரைக்குள்ளிருக்கும் நார்களை வெட்டியெடுத்து, ஒட்டுப் போட்டுத் தைக்கிறோம். ஓட்டத்தைக் கூட்டத் தமனியோடு தற்காலிக இணைப்பும் தேவைப்படலாம்.

'ஸ்டென்ட் வைத்தாச்சே' என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். பல் பிடுங்கவும் நீங்களாக நிறுத்தக் கூடாது, எங்களைக் கேளுங்கள். அந்த மாத்திரை வார்ஃபரின் என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு பெரும்பாலோருக்கு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். அழுத்தக் காலுறையைக் காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன்பே மாட்டுங்கள். வீங்கிய பிறகு ஏறாது.

ஸ்டென்ட் வைத்த கால் திடீரென்று வீங்கினால் 'ரெண்டு நாள் பார்ப்போம்' என்று இருக்காதீர்கள். அன்றைக்கே வாருங்கள். அது பெரும்பாலும் புதுக் கட்டி, கரைக்க வழி இருக்கிறது.