புது முயல் ஏன் சாப்பிட மறுக்கிறது?

நாய்க்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அன்று சாயங்காலமே அது வீட்டு ஆளாகிவிடும். முயல் அப்படியில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியதோ, வெளியூருக்குக் குடிபோகும் நண்பர் ஒப்படைத்துவிட்டுப் போனதோ, எதுவானாலும் முதல் இரண்டு நாள் மூலையில் காதை முதுகோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆசையாக வைத்த கேரட் தொடாமல் வாடிக் கிடக்கும். 'போகப் போகப் பழகிடும், விடுங்க' என்பார்கள் வீட்டில். பழகிவிடும்தான். ஆனால் அதுவரை அதன் குடல் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமே! முதல் வாரத்தில் கவலைப்பட வேண்டியது இது ஒன்றுக்குத்தான்.

வீட்டு முயல் நம் காட்டு முயலின் வம்சம் அல்ல. ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்த வேறோர் இனம். (நம்மூர்க் காட்டு முயல் வளை தோண்டாது. அதைப் பிடித்து வளர்ப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட.) பருந்து, நரி, காட்டுப்பூனை என்று மேலும் கீழும் எதிரிகள் உள்ள பிராணி அது. அதனால்தான் கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்து, தலையைத் திருப்பாமலே சுற்றிலும் ஏறக்குறைய 360 பாகை பார்க்கின்றன. தெரியாத இடம் மூக்குக்கு நேர் முன்னால் இருக்கும் சின்ன இடைவெளிதான். நாமோ சரியாக அங்கேதான் கையை நீட்டுகிறோம், அதுவும் மேலிருந்து. முயலின் கணக்கில் மேலிருந்து இறங்குவது பருந்து.

சந்தையில் அதிகம் கிடைக்கும் சிவப்புக் கண் வெள்ளை முயலுக்குப் பார்வை இன்னும் மோசம். விழியில் நிறமி இல்லாததால் வெளிச்சம் கூசும். தூரத்தை அளப்பதற்காகத் தலையை இடமும் வலமும் மெல்ல ஆட்டிக்கொண்டிருக்கும். அதை நோய் என்று நினைத்துப் பதறுகிறவர்கள் உண்டு.

பயந்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது, ரத்தம் தசைகளுக்குப் பாய்கிறது, செரிமானம் மந்தமாகிறது. இது நமக்கும் நடப்பதுதான். நாம் ஒரு வேளை சாப்பிடாமல் இருந்துவிட்டுத் தேறிக்கொள்வோம். முயலால் அது முடியாது, காரணம் அதன் குடலின் அமைப்பு. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் பெரிய பை ஒன்று இருக்கிறது. பாடப் புத்தகத்தில் சீக்கம் என்று படித்திருப்போம். நமக்கு அது பேருக்குத்தான், முயலுக்கோ அதுவே நொதிக்கலன். தின்ற புல்லில் பெரிய நார்த் துண்டுகளைப் பெருங்குடல் நேராக வெளியே தள்ளிவிடும். பொடித் துகள்களையும் நீரையும் மட்டும் பின்னோக்கி அலையடித்துச் சீக்கத்துக்குள் திருப்பி அனுப்பும். அங்கே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்துப் புரதமும் பி வைட்டமின்களும் ஆக்குகின்றன. அந்தச் சத்து, சிறு திராட்சைக் கொத்துபோல் கோழைப் படலம் பூசிய மென்மையான எச்சமாக வெளிவரும்போது முயல் குனிந்து அப்படியே வாயில் வாங்கி விழுங்கிவிடும். அருவருப்பாக இருந்தாலும் தடுக்கக் கூடாது, அதன் இரண்டாம் சாப்பாடு அது.

இந்த ஏற்பாடு முழுவதையும் இயக்குவது நாரின் உந்துதல். உள்ளே புல் போய்க்கொண்டே இருந்தால்தான் குடல் அசையும். பயத்தில் முயல் தின்பதை நிறுத்தினால் குடல் மெதுவாகும். உள்ளே தேங்கியது காய்ந்து இறுகும், பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்து வாயு கட்டும். வாயு வலிக்கும், வலியில் இன்னும் தின்னாது. சுமார் 12 மணி நேரம் ஒன்றுமே தின்னாத முயலை அவசர நோயாளியாகவே கருத வேண்டும்.

ஆகவே புது முயல் மடியில் வந்து உட்காருகிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டுப் புழுக்கையைப் பாருங்கள். ஆரோக்கியமான முயல் ஒரு நாளைக்கு 200, 300 உருண்டை போடும். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினால் வாடையில்லாமல் உதிர்ந்து, உள்ளே பொன்னிறப் புல் துணுக்குகள் தெரியும். உருண்டைகள் சிறுத்தாலும், கறுத்து இறுகினாலும், எண்ணிக்கை குறைந்தாலும் குடல் மந்தமாகிவிட்டது என்று அர்த்தம்.

சாப்பாட்டில் ஏறக்குறைய எண்பது சதவீதம் புல்லாக இருக்கட்டும். கடையில் கிடைக்கும் வெளிநாட்டுக் காய்ந்த புல் நல்லதுதான், விலைதான் கையைக் கடிக்கும். பிள்ளையார் கோயில் வாசலில் கட்டுக் கட்டாக விற்கும் அருகம்புல்லைக் கழுவி உலர்த்திக் கொடுக்கலாம். மாட்டுக்கு வளர்க்கும் கோ-4 தீவனப் புல்லும் ஆகும். வைக்கோல் வேண்டாம், அதில் சத்து இல்லை. படுக்கைக்கு வேண்டுமானால் போடலாம். முன்பு இருந்த இடத்தில் என்ன தின்றதோ அதையே முதல் வாரம் கொடுத்துப் படிப்படியாக மாற்றுங்கள், சீக்கத்திலுள்ள பாக்டீரியாக்களுக்கும் புது உணவு பழக வேண்டும். கேரட் சர்க்கரைப் பண்டம், சின்னத் துண்டு போதும்.

இடம் என்று பார்த்தால் சமையலறைக்குத் தள்ளி இருக்கும் மூலை நல்லது. குக்கர் விசிலும் மிக்ஸியும் அதன் வயிற்றில் புளியைக் கரைக்கும். இரண்டு பக்கமும் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்று வைத்தால் அதுவே வளை. ஒரு வாசலில் ஆபத்து வந்தால் மறு வாசலில் ஓடலாம் என்ற தைரியம் அதற்கு வேண்டும். கழிவுத் தட்டுக்கு மேலேயே புல்லைத் தொங்கவிடுங்கள், தின்றுகொண்டே போடுவது அதன் வழக்கம். முயலின் பாதத்தில் மெத்தை கிடையாது, முடிதான். டைல்ஸ் தரையில் வழுக்கிவிழும். சாயம் போடாத கோரைப்பாய் விரித்தால் ஓடவும் வசதி, கடித்தாலும் பாதகமில்லை. காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. சரியாகத் தாங்காமல் தூக்கினாலும், உதறும்போது அந்தப் பின்னங்கால் தசைகளின் வேகமே முதுகெலும்பை முறித்துவிடும்.

பயத்துக்கு அடுத்த எதிரி சென்னை வெயில். முயலுக்கு உடம்பில் வியர்க்காது. காதிலுள்ள ரத்தக் குழாய்களை விரித்துச் சூட்டைக் காற்றில் விடுவதுதான் அதற்குத் தெரிந்த வழி. காற்று உடம்பைவிடக் குளிர்ச்சியாக இருந்தால்தானே அது நடக்கும்? முயலின் உடல் வெப்பம் சுமார் 39 டிகிரி. கத்திரி வெயிலில் பால்கனி அதைத் தாண்டிவிட்டால் காதால் ஒரு பயனும் இல்லை. 28 டிகிரிக்கு மேலேயே அதற்குச் சிரமம் தொடங்கிவிடும். ஏசி இல்லாத வீட்டில் ஐஸ் கட்டிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், காதை ஈரக்கையால் தடவிவிடுங்கள். குளிப்பாட்டக் கூடாது, அந்த அதிர்ச்சியே ஆபத்து.

பகலெல்லாம் தூங்குகிறதே என்று எழுப்பாதீர்கள். விடியலும் அந்தியும்தான் அது நடமாடும் வேளை. அப்போது தரையில் உட்கார்ந்து செய்தித்தாள் படியுங்கள். அதுவே வந்து முகர்ந்து, தாடையை உங்கள் முழங்காலில் தேய்க்கும். தாடைக்கு அடியில் வாசனைச் சுரப்பி இருக்கிறது, அதை உங்கள்மேல் பூசிவிட்டால் நீங்கள் அதன் சொத்து.

முயலைப் பார்க்கும் மருத்துவர் யார் என்று முதல் நாளே விசாரித்து வையுங்கள், எல்லா நாய் டாக்டரும் முயல் பார்ப்பதில்லை. 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் மருத்துவமனையும் இருக்கிறது, அங்கே கேட்கலாம். போகும்போது அன்றைய புழுக்கைகளை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொள்ளுங்கள். முயலுக்கு வாந்தி எடுக்க வராது. ஆகையால் பட்டினி போட்டுக் கூட்டிப்போக வேண்டியதில்லை, ஆட்டோவிலும் கூடைக்குள் ஒரு பிடி புல் இருக்கட்டும்.