கையா, கணினியா: சண்டை பிடிக்கிற பிள்ளைகளுக்கும் காசு கட்டுகிற பெற்றோருக்கும்

கிளிநொச்சியில் சனிக்கிழமைகளில் நான் நடத்தும் அனிமேஷன் வகுப்பில் மத்தியான இடைவேளை என்றால் சண்டைதான். பதினொரு பேர், இரண்டு கட்சி. "கையால கீறினதுக்குத்தான் சேர் உயிர் இருக்கு. த்ரீடி எல்லாம் பிளாஸ்டிக் பொம்மை" என்பது ஒரு கட்சி. இவர்களுக்கு ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி குலதெய்வம் மாதிரி. "நீங்கள் இன்னும் குப்பி விளக்கிலயே இருங்கோ" என்பது மற்றக் கட்சி, கணினிக்குள் உருவத்தைக் கட்டி அசைக்கிற த்ரீடிக்காரர். சோற்றுப் பார்சல் ஆறிப்போகும், வாய் ஓயாது.

பெரும்பாலும் நான் தலையிடுவதில்லை. ரசிகர்கள் சண்டை பிடித்தால் ஒன்றும் குடிமுழுகாது. ஆனால் இதே குழப்பம் வீட்டுக்குள் போய், "த்ரீடி படிச்சால் கொம்பியூட்டரே எல்லாம் செய்யும், கீறத் தெரியத் தேவையில்லை" என்று காசு கட்டுகிற இடத்துக்கு வரும்போதுதான் எனக்குப் பயம் வருகிறது.

இந்த வருடம் ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு தாய் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகன் வெளியூரில் ஓரிடத்தில் ஆறு மாதம் த்ரீடி படித்து முடித்தவன். சான்றிதழைத் தாளுறைக்குள் வைத்து மடியில் பிடித்திருந்தார். கட்டணத்துக்காகச் சங்கிலி அடகில் இருப்பதைப் போகிற போக்கில்தான் சொன்னார். "பிள்ளைக்கு ஒரு வேலை எடுத்துத் தருவீங்களே தம்பி?"

நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான். ஒரு பந்து விழுந்து எழும்ப வேண்டும். ஒரு செக்கன், 24 பிரேம் (திரையில் அடுத்தடுத்து ஓடும் நிலைப்படங்கள்).

பெடியன் கெட்டிக்காரன். பிளெண்டர் என்ற த்ரீடி மென்பொருளில் கை பறந்தது. முதல் பிரேமில் பந்து மேலே, பன்னிரண்டாவதில் தரையில், இருபத்துநான்காவதில் திரும்ப மேலே. மூன்று நிலைகளைக் குறித்தான், இடையில் உள்ளதை மென்பொருள் தானே நிரப்பியது. ஓடவிட்டுப் பார்த்தோம். பந்து தரையை நெருங்க நெருங்க வேகம் குறைந்து, பஞ்சு மூட்டையில் உட்காருவதுபோல உட்கார்ந்து, கொஞ்சம் யோசித்துவிட்டு எழும்பியது.

பிழை மென்பொருளில் இல்லை. நாமாக மாற்றாவிட்டால், குறித்த ஒவ்வொரு நிலையிலிருந்தும் மெல்லப் புறப்பட்டு அடுத்த நிலைக்கு மெல்லப் போய்ச் சேரும்படிதான் அது நிரப்பும். கதவு சாத்துவதற்கோ ஒரு ஆள் திரும்பிப் பார்ப்பதற்கோ அது ஓரளவு பொருந்தும். விழும் பந்து தரையில் படும்போதுதான் ஆக வேகமாக இருக்கும், தயங்குவது உச்சியில். இது அவனுக்குத் தெரியாத விசயமா? சின்ன வயதிலிருந்து ரெனிஸ் பந்தில் கிரிக்கெட் அடித்தவன். கைக்குத் தெரிந்ததைத் திரையில் தேட ஆறு மாதத்தில் ஒருவரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்தப் பொத்தான் எங்கே என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

பென்சில் கட்சிப் பிள்ளை ஒருத்தி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கொப்பி ஒற்றைகளைக் கிழித்து அதே பந்தைக் கீறிக் காட்டினாள். உச்சியில் வட்டங்கள் ஒன்றோடொன்று நெருக்கமாக, கீழே வர வர விலகி, தரையைத் தொடுவதற்கு முன் முட்டை மாதிரி நீண்டு, தொட்டதும் தோசை மாதிரித் தட்டையாகி. பன்னிரண்டு ஒற்றை. பெருவிரலால் சரசரவென்று விட்டாள். பந்து குதித்தது. "திரும்ப ஒருக்கா காட்டுங்கோ" என்று அவன் நாலு தரம் கேட்டான்.

ஏன் பன்னிரண்டு என்று கேட்பீர்கள். ஒரு செக்கனுக்கு 24 பிரேம் ஓடினாலும் கையால் கீறுகிறவர்கள் ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு வைப்பது வழக்கம். அதுவே பெரிய வேலைதான். 1997இல் வந்த மியாசாகியின் பிரின்சஸ் மொனொனொகேக்கு ஏறத்தாழ 1,44,000 செல் தாள்கள் (படத்தைப் பதித்து வண்ணம் பூசும் கண்ணாடி மாதிரித் தாள்கள்) போயின.

சரி, இப்போது கட்சிக்காரர்களிடம் வருகிறேன். மியாசாகி பக்கத்தாருக்கு ஒரு கசப்பான செய்தி: அதே படத்திலேயே சில நிமிடங்கள் கணினியில் செய்தவை. டிஸ்னியின் பியூட்டி அண்ட் த பீஸ்டில் (1991) இருவரும் ஆடும் அந்த மண்டபம் கணினியில் கட்டியது. லயன் கிங்கில் (1994) பள்ளத்தாக்கில் பாய்ந்து வரும் மிருகக் கூட்டமும் அப்படித்தான். "கலப்படமே இல்லாத கை வேலை" என்று நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் காலத்திலேயே கணினி அடுப்படிக்குள் வந்துவிட்டது.

த்ரீடி பக்கத்தாரும் சிரிக்க வேண்டாம். முழுக்கக் கணினியில் செய்த முதல் முழுநீளப் படம் டோய் ஸ்டோரி, 1995. அதை இயக்கிய ஜோன் லாசெட்டர் டிஸ்னியில் கையால் கீறிப் பழகியவர். 1986இல் ஒரு மேசை விளக்கைக் குதிக்கவைத்து ஒரு குறும்படம் செய்தார். அடுத்த வருடம் ஒரு கட்டுரை எழுதினார். பந்து நசுங்குவது, நீள்வது, பாய்வதற்கு முன் உடல் பின்வாங்குவது என்று டிஸ்னிக்காரர் 1930களில் பென்சிலோடு மல்லுக்கட்டிக் கண்டுபிடித்த விதிகளெல்லாம் கணினி அனிமேஷனுக்கும் அப்படியே பொருந்தும் என்பதுதான் அதன் சாரம். அந்தப் பிள்ளையின் பன்னிரண்டு ஒற்றையும் அதே விதிதான்.

"கொம்பியூட்டர் தானே செய்யும்" என்கிறவர்களுக்கு இன்னொன்று. டோய் ஸ்டோரியின் வூடி பொம்மையை ஆட்ட 700க்கும் மேற்பட்ட கட்டுப்பாட்டுக் குமிழ்கள் மாதிரியானவை இருந்தன. அவ்வளவையும் ஒரு மனிதர் உட்கார்ந்து திருக வேண்டும். அதற்கப்புறம் ஒரு பிரேம் கணினியிலிருந்து வெளியே வர, அதாவது ரெண்டராக, 45 நிமிடத்திலிருந்து 30 மணித்தியாலம் வரை எடுத்தது. (2022இல் கரண்ட் நாளுக்கு 13 மணித்தியாலம் நின்ற அந்தக் கிழமையில், பாதியில் நின்ற ரெண்டரைப் பார்த்துப் பென்சில் கட்சி சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.)

நான் எந்தக் கட்சி? மனசு பென்சில் பக்கம். கோடு லேசாக நடுங்கும்போது அதற்குப் பின்னால் ஒரு கை இருப்பது தெரிகிறதே, அது எனக்குப் பிடிக்கும். ஆனால் எனக்குச் சோறு போடுவது கணினி. மோஷன் கப்சரில், அதாவது நடிகரின் அசைவைப் பதிந்து கணினி உருவத்துக்கு ஏற்றும் முறையில், செய்த கோச்சடையான் (2014) வந்தபோது எங்கள் பெடியள் ஏமாந்துபோனதும் நினைவிருக்கிறது. முகம் ரஜினி, கண்ணில் ரஜினி இல்லை என்றார்கள். ஒரு ஆளை அச்சொட்டாகச் செய்ய வெளிக்கிட்டால் சின்னக் குறைகூடப் பிணக்களை மாதிரித் தெரியும். கார்ட்டூன் முகத்துக்கு அந்த வில்லங்கம் இல்லை. 2018இல் வந்த ஸ்பைடர் வேர்ஸ் படத்தில் த்ரீடி உருவங்களுக்கு மேல் கோடு கீறி, பல இடங்களில் அசைவையும் இரண்டு பிரேமுக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். கணினிக்காரரே பென்சிலைத் தேடிப் போன கதை அது.

பெற்றோருக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். காசு கட்ட முன்னம் அந்த இடத்தில் படித்த பிள்ளைகள் செய்த வீடியோவைக் காட்டச் சொல்லுங்கள். மாஸ்டர் செய்தது வேண்டாம், பிள்ளைகள் செய்தது. பந்து விழுகிறதா, ஆள் நடந்தால் பாரம் தெரிகிறதா என்று பாருங்கள். அதற்குப் படிப்புத் தேவையில்லை, உங்கள் கண் போதும். "மென்பொருள் விலை கூட, அதனால்தான் கட்டணம் கூட" என்றால் யோசியுங்கள். பிளெண்டர் இலவசம், கீறுவதற்குக் கிரிட்டாவும் இலவசம். 2025இல் ஒஸ்கார் எடுத்த ஃப்ளோ படம் பிளெண்டரில் செய்தது. இயக்கியவர் லத்வியாக்காரர், அந்த நாட்டின் சனத்தொகை 20 இலட்சத்துக்கும் குறைவு. வேலை தருகிறவர்கள் முதலில் கேட்பதும் நீங்கள் செய்ததைக் காட்டுங்கள் என்றுதான். சான்றிதழை என்னிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கணினி வாங்க வசதி இல்லையென்றால் முதல் ஆறு மாதத்துக்குக் கொப்பியும் பென்சிலும் அழிறப்பரும் போதும். போன் இருந்தால் ஒவ்வொரு ஒற்றையாகப் படம் எடுத்து ஓட்டிப் பார்க்கலாம்.

ஒட்டுசுட்டான் பெடியன் இப்போது சனிக்கிழமைகளில் வருகிறான். பந்து சரியாகிவிட்டது. அடுத்து மாடு நடக்க வேண்டும் என்றேன். முதல் தடவை அவன் மாடு குதிரை பாய்வது மாதிரி முன்னங்கால் இரண்டையும் ஒன்றாகத் தூக்கியது. "மாட்டை எங்க பார்த்தனீர்?" என்று கேட்டேன். "யூடியூப்பில சேர்" என்றான். வன்னியில் இருந்துகொண்டு!

பின்னேரம் மாடுகள் வயலால் திரும்பும் நேரம் அவனை வாய்க்கால் கட்டில் உட்காரவைத்தேன். பின் இடது, முன் இடது, பின் வலது, முன் வலது. ஒவ்வொரு அடிக்கும் தலை ஒரு ஆட்டம். அவன் வாய்விட்டு எண்ணினான், கொப்பியில் கோடு போட்டான். அந்தக் கிழமை அவனுடைய தாய் போன் எடுத்தார்.

"தம்பி, கொம்பியூட்டர் படிக்க அனுப்பினால் இவன் மாட்டுக்குப் பின்னால திரியிறான். இதென்ன வகுப்பு?"

"நடை வந்திட்டுது அக்கா. வால்தான் இன்னும் சரி வரேல்லை, ஒரு கிழமை பொறுங்கோ" என்றேன்.