பிளம்ஸ் மரம் குளிரை எண்ணும் விதம்

கோடை விடுமுறையில் கொடைக்கானல் போகிறவர்கள் ஒரு பை பிளம்ஸ் வாங்காமல் மலையிறங்குவதில்லை. தின்று முடித்த கொட்டையை எறிய மனம் வராமல் மதுரையிலோ திருச்சியிலோ தொட்டியில் ஊன்றிவிட்டு, ஏன் முளைக்கவில்லை என்று மண்ணைக் கிளறிப் பார்ப்பவர்கள் பலர். மண்ணிலும் குறையில்லை, கைராசியிலும் குறையில்லை. அந்த விதை குளிருக்காகக் காத்திருக்கிறது.

கொட்டையை ஈர மணலில் பொதிந்து குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று மாதம் வைத்தால் முளை வரக்கூடும். ஆனால் அதோடு கடன் தீர்வதில்லை. வளர்ந்த மரத்தின் ஒவ்வொரு மொட்டும் ஆண்டுதோறும் அதே குளிரைக் கேட்கும். அதைக் கொடுக்கச் சமவெளித் தோட்டத்தால் இயலாது.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. பிளம்ஸ் கடுங்குளிர் நாடுகளின் மரம். குளிர்காலத்தின் நடுவே நான்கு நாள் வெயில் அடித்ததை நம்பிப் பூத்துவிட்டால், அடுத்த உறைபனியில் அத்தனை பூவும் கருகிவிடும். எனவே குளிர்காலம் முழுதாகக் கழிந்ததா என்று மரம் உறுதிசெய்துகொள்கிறது. மொட்டுக்குள் சில மரபணுக்கள் வளர்ச்சியைப் பூட்டி வைக்கின்றன. நீண்ட குளிர் அவற்றை மெல்ல மெல்ல அடக்குகிறது. பிளம்ஸின் நெருங்கிய உறவான பீச்சில், இம்மரபணுக்களை இழந்த ஒரு வகை மெக்சிகோவில் கண்டறியப்பட்டது. குளிர்காலத்திலும் அதன் நுனிக்கொழுந்து ஓய்வதில்லை.

குளிரை அளக்கும் பழைய முறை எளியது: 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரையான மணி நேரங்களைக் கூட்டுவது. ஐரோப்பிய ரகங்கள் பலவற்றுக்கு 700 மணி நேரத்துக்கும் மேல் தேவை. குறைந்த குளிர் போதுமான ரகங்களுக்குச் சுமார் 300 போதும். 1980களில் இஸ்ரேல் ஆய்வாளர்கள் இதைவிட நுட்பமான கணக்கை முன்வைத்தார்கள். குளிர் இரண்டு படிகளில் சேர்கிறது. முதல் படியில் சேர்ந்ததை நண்பகல் வெயில் கரைத்துவிடலாம். போதுமான அளவு திரண்டு இரண்டாம் படிக்கு ஏறிவிட்டால், பிறகு எந்த வெயிலாலும் அதை அழிக்க முடியாது. எனக்கு இது மிக அழகான விளக்கமாகப் படுகிறது. சுமார் 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் இரவு நடுங்கவைத்தாலும் பகலில் இதமான வெயில் வந்துவிடுகிறது. இரவின் சேமிப்பில் ஒரு பங்கைப் பகல் எடுத்துக்கொள்வதால், அங்கே குறைகுளிர் ரகங்களே பொருந்தும்.

ரகம் சரியாக இருந்தும், பூத்துக் குலுங்கிவிட்டு ஒரு காய்கூடப் பிடிக்காத மரங்கள் உண்டு. ஜப்பானிய பிளம்ஸ் எனப்படும் இனத்தில் (அதன் பூர்வீகம் சீனா) பல ரகங்கள் தம் சொந்த மகரந்தத்தை ஏற்பதில்லை. பூவின் சூலகத்தண்டில் ஒரு நொதி இருக்கிறது. தன் ரகத்து மகரந்தக் குழல் உள்ளே இறங்கும்போது, அதன் ஆர்.என்.ஏ.வைச் சிதைத்து வளர்ச்சியைப் பாதி வழியில் நிறுத்துகிறது. வேற்று ரகத்து மகரந்தம் மட்டுமே அந்த நொதியைச் செயலிழக்கச் செய்து சூலை அடையும். பஞ்சாபில் ‘சட்லஜ் பர்ப்பிள்’ வைப்பவர்கள் பக்கத்தில் ‘காலா அம்ரித்சரி’யையும் நடுவது இதனால்தான். தேனீயும் வேண்டும், பூத்திருக்கும் நாட்களில் பூச்சிமருந்து தெளிக்கவே கூடாது.

மலையில் வீடும் கொஞ்சம் இடமும் இருப்பவர்கள், ஒரே காலத்தில் பூக்கும் இரண்டு ரகங்களில் ஒட்டுக்கன்று வாங்கி, மரம் இலையுதிர்த்து உறங்கும் நாட்களில் நடலாம். விதைக்கன்று தாய்மரத்தின் பழத்தைத் தருவதில்லை. வேரடியில் நீர் தேங்காத சரிவு நல்லது. கவாத்து செய்யும்போது மட்டும் கத்தியை நிதானமாகப் பிடியுங்கள். கிளையோரம் விரல் நீளத்துக்குக் கட்டையாக, எதற்கும் உதவாதவைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் குறுஞ்சிம்புகளில்தான் அடுத்த ஆண்டின் பூ மொட்டுகள் உறங்குகின்றன.