தோசை பிய்ந்ததற்கு இவ்வளவு அழுகையா?

2025 ஜனவரியில் நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி இறந்துபோனது. 56 வயது. திருநெல்வேலி டவுண் பிள்ளைகளுக்கு அதை வெறும் கோயில் யானை என்று சொல்லிவிட முடியாது. தும்பிக்கை தலையில் பட்டால் கண்ணை இறுக மூடிக்கொள்ளும் வயதிலிருந்து பழகிய சொந்தம் அது. என் தங்கை மகளுக்கும் அப்படித்தான். அப்போது அவளுக்கு நாலரை வயது.

செய்தி வந்த அன்று பகல் முழுக்க அவள் ஒன்றும் சொல்லவில்லை. விளையாடினாள், சிரித்தாள், பிள்ளைக்கு விவரம் தெரியவில்லை என்று நாங்களும் இருந்துவிட்டோம். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது தோசை ஓரத்தில் கொஞ்சம் பிய்ந்துவிட்டது. அவ்வளவுதான், வீடே இரண்டுபட்டது. வேறு தோசை ஊற்றிக் கொடுத்தால் தட்டைத் தள்ளிவிட்டாள். "ஒரு தோசைக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" என்று தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் அம்மா, பிள்ளைகளுக்கு ஆச்சி, எழுந்து வந்து அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் முதுகைத் தடவினாள். அப்புறம் பைய கேட்டாள்: "என்னட்டி, ஆனைய நெனச்சு வெசனமா இருக்கோ?"

அழுகை சட்டென்று நின்றது. பிள்ளை ஆச்சியின் முகத்தையே பார்த்தாள். பிறகு மறுபடி அழுதாள், ஆனால் இது வேறு அழுகை. கத்தல் இல்லை, உதறல் இல்லை. பத்து நிமிஷத்தில் அடங்கித் தூங்கிப்போனாள்.

அந்த ஒரு கேள்வி என்ன செய்தது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். அதற்குப் பின்னால் இருக்கும் அறிவியல் நல்ல அறிவியல். பிள்ளை வளர்க்கிற எல்லாருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

உணர்ச்சி மனசில் தொடங்குவதாக நாம் நினைக்கிறோம். அது முதலில் தெரிவது உடம்பில். மூளையின் உள்ளே இரண்டு பக்கமும் பாதாம் பருப்பு வடிவத்தில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்து, இழப்பு, அதிர்ச்சி என்று எது வந்தாலும் முதலில் மணி அடிப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. மணி அடித்ததும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, வயிறு இறுகுகிறது, மூச்சு மேலோடுகிறது. பிறந்த குழந்தைக்கே இந்த ஏற்பாடு வேலை செய்யும். ஆனால் மணியைக் கேட்டு, "சரி, இது என்ன விஷயம்?" என்று விசாரித்து அமர்த்துகிற பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழுதாக முதிர 25 வயது பக்கம் ஆகிவிடும். நாலு வயதுப் பிள்ளைக்கு மணி பெரியது, அதை நிறுத்தும் கை சின்னது.

உடம்பில் நடப்பதை உள்ளிருந்து படிக்கவும் மூளையில் ஓர் இடம் உண்டு. இன்சுலா என்று பெயர். இதயம் அடிப்பது, வயிறு பிசைவது, தொண்டை அடைப்பது எல்லாம் அங்கே போய்ச் சேருகின்றன. ஆனால் வந்து சேருவது வெறும் சேதிதான். அது பசியா, பயமா, காய்ச்சலா, துக்கமா என்று பிரித்துச் சொல்லப் பிள்ளைக்கு இன்னும் பழக்கம் இல்லை. பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் "வயிறு வலிக்கு" என்று பிள்ளை சொல்வதைப் பல வீடுகளில் பொய் என்று தள்ளிவிடுகிறோம். பெரும்பாலும் அது பொய் இல்லை. பயத்தில் குடல் உண்மையாகவே இறுகும். தன்னிடம் இருக்கிற ஒரே சொல்லை வைத்து அது அதைச் சொல்கிறது.

நம் பேச்சில் இந்த உடம்புக் கணக்கு எவ்வளவு நுட்பமாக இருக்கிறது பாருங்கள். வயிறு எரிகிறது, நெஞ்சு படபடக்கிறது, தொண்டையை அடைக்கிறது, கை கால் வெலவெலத்துப் போகிறது, முகம் சுண்டிவிட்டது. 2014-ல் பின்லாந்து ஆய்வாளர்கள் 701 பேரிடம் ஓர் உடம்பின் படத்தைக் கொடுத்து, எந்த உணர்ச்சிக்கு எந்த இடம் கிளர்கிறது, எந்த இடம் ஓய்கிறது என்று வண்ணம் தீட்டச் சொன்னார்கள். கோபத்துக்கு மார்பும் கைகளும் கிளர்ந்தன. துக்கத்தில் கையும் காலும் ஓய்ந்தன. ஐரோப்பாவில் தீட்டிய படங்களும் தைவானில் தீட்டிய படங்களும் பெரும்பாலும் ஒத்துப்போயின. தொல்காப்பியம் உணர்ச்சிக்கு வைத்த பெயரே மெய்ப்பாடு. மெய் என்றால் உடம்பு.

அடுத்தது, சொல் என்ன செய்கிறது? 2007-ல் கலிபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் குழு பெரியவர்களின் மூளையைப் படம் பிடித்தது. கோபமும் பயமும் தெரிகிற முகங்களைக் காட்டி, சில நேரம் அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லச் சொன்னார்கள், சில நேரம் வேறு வேலை கொடுத்தார்கள். உணர்ச்சிக்குப் பெயர் வைத்தபோது அமிக்டலாவின் ஆர்ப்பாட்டம் குறைந்தது, நெற்றிப் பகுதியில் வலப்பக்கம் ஓர் இடம் கூடுதலாக வேலை செய்தது. பெயர் சொல்வதே அமர்த்துவதில் ஒரு பங்கு செய்துவிடுகிறது. அது பெரியவர்களிடம் கண்டது. சின்னப் பிள்ளையால் அந்தப் பெயரைத் தானாகத் தேடி எடுக்க முடியாது. ஆகவே அதற்குப் பதிலாக ஆச்சி தேடிக் கொடுத்தாள். பிள்ளையின் நெற்றி மூளை செய்ய வேண்டிய வேலையை, அது வளரும் வரை, பக்கத்தில் இருக்கும் பெரியவரின் மூளை கடனாகச் செய்து கொடுக்கிறது.

சரி, யானைக்கான துக்கம் ஏன் தோசையில் வந்து வெடித்தது? 2004-ல் வந்த ஓர் ஆய்வில் 3 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளிடம், உணர்ச்சியைப் பற்றி எந்த வயதில் எது புரிகிறது என்று பார்த்தார்கள். சிரித்த முகம், அழுத முகம் ஆகியவற்றுக்குப் பெயர் சொல்வது முதலில் வருகிறது. பழையதை நினைப்பதாலேயே துக்கம் திரும்ப வரும் என்பது ஐந்து வயதை ஒட்டித்தான் பிடிபடுகிறது. வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே அழலாம் என்பது ஏழு வயது பக்கம். ஒரே நேரத்தில் இரண்டு உணர்ச்சி இருக்கலாம் என்பது ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில். நாலரை வயதுக்காரிக்கு உடம்பெல்லாம் பாரமாக இருந்திருக்கிறது. காலையில் கேட்ட சேதிதான் காரணம் என்று அவளுக்குத் தெரியாது. கண் முன்னால் பிய்ந்து கிடந்தது தோசை. காரணம் அதுதான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

அழுகைக்குக் காரணம் தேடும்போது எனக்கு மறுபடி தொல்காப்பியம்தான் கை கொடுக்கிறது. எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்களை அது அடுக்குகிறது. அழுகைக்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிள்ளை வளர்க்கிறவர்கள் இந்த நான்கையும் அடுப்படிச் சுவரில் எழுதி வைக்கலாம். இளிவு என்றால் தன்னை இழிவாக நடத்தியது. வந்த மாமா நாலு பேர் முன்னால் கேலி செய்து சிரித்தார், பிள்ளை மூலையில் போய் நின்று அழுகிறது. இழவு, இழந்தது. பறந்துபோன பலூனும் இழவுதான், யானையும் இழவுதான். வறுமை என்பது ஆசைப்பட்டது கிடைக்காத ஏக்கம், அல்வாக் கடை வாசலில் நடக்கிற போராட்டம். இந்த மூன்றும் நமக்குத் தெரிந்தவை. நாலாவதான அசைவு என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. பழைய நிலை கெட்டுத் தளர்ந்துபோவது என்று அதற்குப் பொருள். வீட்டில் தம்பிப் பாப்பா வந்ததும் மூத்த பிள்ளை காரணமே இல்லாமல் சிணுங்குகிறது, பழகிய கழிப்பறைப் பழக்கத்தை மறக்கிறது, ஊட்டிவிடச் சொல்கிறது. அதைப் பொறாமை என்று சொல்லி ஒதுக்குகிறோம். அசைவு என்று பார்த்தால் அந்தப் பிள்ளை மேல் நமக்குக் கோபம் வராது. அதன் இடம் உண்மையிலேயே பறிபோயிருக்கிறது.

தொல்காப்பியம் எட்டு என்றது. பால் எக்மன் என்ற உளவியலாளர் ஆறு என்றார். லிசா பெல்ட்மன் பாரெட் போன்றவர்கள், உணர்ச்சிகள் தனித்தனிப் பெட்டிகளாகப் பிறவியிலேயே வருவதில்லை, வளரும்போது கேட்கும் சொற்களை வைத்துத்தான் மூளை அவற்றைக் கட்டிக்கொள்கிறது என்கிறார்கள். அந்த வழக்கு முடியவில்லை. ஆனால் பிள்ளைக்குச் சொல் வேண்டும் என்பதில் இரண்டு பக்கத்துக்கும் சண்டை இல்லை. அந்தச் சொல்லுக்கு நாம் வெளியே எங்கும் அலைய வேண்டியதும் இல்லை. வெசனம், ஏக்கம், சடவு, கூச்சம், வீம்பு, சங்கடம், பக்குன்னு இருக்கு. வீட்டில் 'சோகம், கோபம், பயம்' என்று மூன்றே சொல்லைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை எல்லாவற்றையும் அந்த மூன்றில் போட்டு அடைக்கும். சடவாக இருக்கிற பிள்ளைக்குத் தூக்கம் வேண்டும், வெசனமாக இருக்கிற பிள்ளைக்கு மடி வேண்டும். சொல் வேறானால் செய்ய வேண்டியதும் வேறு.

சொல்லுக்கு முன்னால் முகம் இருக்கிறது. 1985-ல் வெளியான ஒரு சோதனையில் ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி பதித்த மேசையில் தவழ விட்டார்கள். பாதி மேசையில் கண்ணாடிக்குக் கீழே சுமார் 30 சென்டிமீட்டர் பள்ளம் தெரியும். எதிரே அம்மா. அம்மா சிரித்த முகமாக நின்றபோது 19 குழந்தைகளில் 14 பேர் தாண்டி வந்தார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை, முகம் மட்டும்தான். ஆச்சி கேட்ட கேள்வியில் பாதி வேலையை அவள் முகமும் மடியும் செய்துவிட்டன என்றே நினைக்கிறேன்.

அதனால்தான் வரிசை முக்கியம். பிள்ளை உச்சத்தில் கத்தும்போது புத்தி சொன்னால் உள்ளே போகாது. முதலில் அதன் உயரத்துக்கு உட்கார வேண்டும், குரலைத் தாழ்த்த வேண்டும், தொட விட்டால் தொட வேண்டும். மூச்சை மெதுவாக நீட்டி வெளியே விட்டால் மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணியும். ஆனால் "மூச்சை இழுத்து விடு" என்றால் நாலு வயதுக்குப் புரியாது. பனை ஓலைக் காத்தாடியைக் கையில் கொடுத்து ஊதச் சொல்லுங்கள், அது சுற்றச் சுற்ற மூச்சு தானாக நீளும். அப்புறம்தான் பெயர். அதையும் தீர்ப்பாகச் சொல்லாமல் கேள்வியாகக் கேட்க வேண்டும். "வெசனமா இருக்கோ?" என்று கேட்டால் பிள்ளை இல்லை என்று சொல்ல இடம் இருக்கிறது. ஒரு விஷயம், பெயர் வைப்பது என்றால் விட்டுக்கொடுப்பது இல்லை. கோபம் வந்தது சரி, தம்பியைக் கடித்தது சரியில்லை, இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம்.

"ஆம்பளப் புள்ள அழலாமா" என்கிற பேச்சை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதைக் கேட்ட பையன் அழுகையை நிறுத்துவான், உள்ளே மணி அடிப்பது நிற்காது. நாளடைவில் அவனுக்குத் தெரிந்த ஒரே பெயர் கோபமாகிவிடும்.

மறுநாள் காலையில் பெரிய கேள்வி வந்தது. "காந்திமதி எங்க?" தங்கை சொன்னாள், "சாமிகிட்ட போயிருச்சும்மா." பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப கோயிலுக்குப் போனா பாக்கலாமா?" அவள் கணக்கில் தப்பே இல்லை. சாமி நெல்லையப்பர் கோயிலில்தானே இருக்கிறார்! செத்தவர் திரும்ப வரமாட்டார், உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிடும், எல்லாருக்கும் இது நடக்கும் என்பதெல்லாம் பொதுவாக ஐந்து வயதிலிருந்து ஏழு வயதுக்குள்தான் ஒவ்வொன்றாகப் புரிகிறது. அதுவரை நாம் சொல்வதைப் பிள்ளை அப்படியே எடுத்துக்கொள்ளும். 'தூங்கிவிட்டது' என்றால் தூக்கத்தைக் கண்டு பயப்படும். நேராகச் சொல்வதே நல்லது. "செத்துப்போச்சு. உடம்பு நின்னுபோச்சு, இனி எந்திரிக்காது, வலிக்கவும் செய்யாது. நமக்கு வெசனமா இருக்கு." பத்து தடவை கேட்கும், பத்து தடவையும் அதே பதில். அப்போது நம் கண் கலங்கினால் கலங்கட்டும்.

எல்லாம் மடியிலேயே தீர்ந்துவிடும் என்று சொல்லமாட்டேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையும் தாமிரபரணி வெள்ளமும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அதற்குப் பிறகு ஓட்டில் மழை விழுந்தாலே கட்டிலுக்கு அடியில் ஒளிகிற பிள்ளைகள் உண்டு. அமிக்டலா அந்தச் சத்தத்தையும் ஆபத்தையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. பயமில்லாத மழைகள் பல வந்து, பக்கத்தில் நாம் உட்கார்ந்து பார்த்து, அதன் மேல் புது நினைவு படிய வேண்டும். வாரக்கணக்கில் தூக்கம், சாப்பாடு, விளையாட்டு கெட்டிருந்தால் திருநீறு போட்டுப் பார்ப்பதோடு நிறுத்தாமல் மருத்துவரிடமும் காட்டுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், அதில் காசில்லாமல் பேசலாம்.

அந்த வருஷம் ஆனித் தேர் பார்க்கப் பிள்ளைகளோடு ரத வீதியில் நின்றோம். தங்கையின் மூத்த பையனுக்குப் பத்து வயது. தேரைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "சந்தோஷமாவும் இருக்கு, காந்திமதி இல்லாதது வெசனமாவும் இருக்கு."

சின்னவளுக்கு அது ஒத்துவரவில்லை. "ரெண்டும் எப்படிண்ணே இருக்கும்? ஒண்ணு சொல்லு."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அல்வாவும் மிக்சரும் சேத்துத் திங்கோம்லா, அது மாதிரி."

அவளும் யோசித்தாள். வடம் இழுக்கிற சத்தம் கூடிக்கொண்டே வந்தது. என் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்: "அப்ப தேரு அல்வாவா? ஆன மிக்சரா?"