ஹட்சன் ஆற்றின் மேலே 300 அடி

"பெரிய ஏர்போர்ட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்ன ஓடுதளத்திலிருந்து குட்டி விமானம் எப்படிக் கிளம்புகிறது, மோதிக்கொள்ளாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியூயார்க்கை வைத்தே சொல்கிறேன், அந்த அளவுக்கு நெருக்கடியான வானம் உலகத்தில் குறைவு.

நியூவார்க் விமான நிலையத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் லிண்டன் என்ற சின்ன விமானத்தளம் இருக்கிறது. கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. தலைக்கு மேலே 7,000 அடி வரை நியூவார்க், லாகார்டியா, கென்னடி மூன்றுக்குமான வான்வெளி, கவிழ்த்து வைத்த அடுக்கு கேக் மாதிரி: நிலையங்களை ஒட்டித் தரையைத் தொடும், தள்ளிப் போகப் போக அடிப்பாகம் உயரும். அனுமதியில்லாமல் அதற்குள் நுழையக் கூடாது. அதனால் எரிபொருள், எடை, வானிலை எல்லாம் பார்த்த பிறகு, எந்த இடத்தில் எத்தனை அடிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதை வரைபடத்தில் குறித்துக்கொள்வதுதான் முக்கியமான வேலை.

ஹட்சன் ஆற்றின் மேல் மட்டும் 1,300 அடிக்குக் கீழே அனுமதி கேட்காமல் போகலாம். 2009 ஆகஸ்ட் 8 அன்று அங்கே ஒரு சிறு விமானமும் சுற்றுலா ஹெலிகாப்டரும் 1,100 அடியில் மோதி 9 பேர் இறந்தார்கள். அப்புறம்தான் விதிகள் கட்டாயமாயின. வடக்கே போனால் மன்ஹாட்டன் கரை, தெற்கே வந்தால் நியூஜெர்சி கரை, 123.05 அலைவரிசையில் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். நேராகக் கடந்து போகிறவர்களுக்கு 1,000 அடியிலிருந்து 1,300 வரை, சுற்றிக் காட்டுகிறவர்களுக்கு அதற்குக் கீழே.

சரி, அந்த 300 அடியை விமானி எதை நம்பிப் பிடிக்கிறார்? எனக்கு மிகவும் பிடித்த கருவியே இதுதான்: உயரத்தைக் காட்டும் அல்டிமீட்டர். அது உயரத்தை அளப்பதில்லை, காற்றழுத்தத்தைத்தான் அளக்கிறது. காற்றை உறிஞ்சி எடுத்து மூடிய மெல்லிய உலோகச் சிமிழ் உள்ளே இருக்கும். மேலே போகப் போக வெளி அழுத்தம் குறைய, சிமிழ் துளியூண்டு உப்பும், அந்த அசைவைப் பற்சக்கரங்கள் பெருக்கி முள்ளைச் சுழற்றும். 1,000 அடிக்குப் பாதரச அளவில் சுமார் 1 அங்குலம் குறையும். ஆனால் தரையிலேயே அழுத்தம் தினமும் மாறுகிறதே, அதற்காகத்தான் அன்றைய அழுத்தத்தை வைக்க ஒரு திருகு, வைத்த எண்ணைக் காட்டப் பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல். இன்று அழுத்தம் 29.90 அங்குலம் என்றிருக்க, ஜன்னலில் பழைய 29.60 அப்படியே கிடந்தால் முள் 1,100 காட்டும்போது விமானம் உண்மையில் 1,400 அடியில், ஜெட்களின் வான்வெளிக்குள் இருக்கும். கிளம்புமுன் தளத்தின் உயரத்தை முள் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். லிண்டன் கிட்டத்தட்டக் கடல்மட்டத்திலேயே இருப்பதால், அந்த விமானத்தில் முள் பூஜ்யத்துக்கும் கீழே போய் நிற்கும், உடனே தெரிந்துவிடும். இதில் அழகு என்னவென்றால், கருவி சொல்வது துல்லியமான உயரமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆற்றின் மேல் எல்லாரும் ஒரே எண்ணை வைத்திருந்தால் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் பிசகும், இடைவெளி குலையாது.

இந்தத் துல்லியமான அல்டிமீட்டரை உருவாக்கியவர் பால் கோல்ஸ்மன். 1929 செப்டம்பர் 24 அன்று ஜிம்மி டூலிட்டில், விமானி அறையை மூடிக்கொண்டு, வெளியே எதையும் பார்க்காமல், கருவிகளை மட்டும் நம்பிக் கிளம்பி, பறந்து, இறங்கினார். அவற்றில் இதுவும் ஒன்று. நடந்த இடமும் இதே நியூயார்க்கின் லாங் ஐலண்ட். அந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது கூகன்ஹைம் நிதியம். உடனே லாபம் கேட்காத இப்படிப்பட்ட பணம் இல்லாமல் அடிப்படைக் கருவிகள் பிறப்பதில்லை என்பது என் உறுதியான கருத்து, நம் ஊர் ஆய்வகங்களுக்கும் அது வேண்டும்.

இன்னொன்று. விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் (தரை ரேடார் கேட்டால் தானாகப் பதில் சொல்லும் ரேடியோக் கருவி) ரேடாருக்கு அனுப்பும் உயரம் இந்தத் திருகைக் கண்டுகொள்வதே இல்லை. எப்போதும் 29.92 என்று வைத்துக் கணக்கிட்டதையே அனுப்பும். அன்றைய அழுத்தத்துக்கு ஏற்பத் திருத்துவது தரையிலிருக்கும் கணினி.