கதவில் ஒட்டிய சீட்டு

தங்கச்சிமடத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, டி டிரைவ்ல 380 ஜிபி சும்மா கிடக்கு. ஆல்பம் போடுற சாஃப்ட்வேரை டி-லதான் இன்ஸ்டால் பண்ணச் சொல்றேன். ஆனாலும் சி-ல இடம் பத்தலைங்குது. இதுக்குக் கண்ணு தெரியலையா?"

பழைய கம்ப்யூட்டருக்கு 120 ஜிபி எஸ்எஸ்டி என்ற வேக டிஸ்க்கை மாட்டி அதை சி ஆக்கியவர்கள் பலருக்கும் வரும் தொல்லைதான். பாம்பனில் ஐஸ் பெட்டி எத்தனை காலியாக இருந்தாலும், வந்த மீனைக் கொட்டிப் பிரிக்கக் கரையில் கொஞ்சம் தரை வேண்டும். இன்ஸ்டாலர் இறுக்கிக் கட்டிய மூட்டை. வழக்கமாக சி-யில் உள்ள டெம்ப் என்ற தற்காலிக ஃபோல்டரில்தான் அதை அவிழ்த்துக் கொட்டுவார்கள். போதாததற்கு, பின்னாளில் நீக்கவும் பழுதுபார்க்கவும் உதவும் எம்எஸ்ஐ (இன்ஸ்டால் கோப்பு) நகல் ஒன்றும் விண்டோஸ் ஃபோல்டருக்குள் தங்கிவிடும்.

டெம்ப்பைக் காலி செய்வது, டிஸ்க் கிளீனப் ஓட்டுவது, ஹைபர்னேட்டை அணைத்துச் சில ஜிபி மீட்பது எல்லாம் நீங்கள் அறிந்ததே. ரைட் கிளிக் செய்து ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ் என்று அடிப்பது மட்டும் வேண்டாம். அது திரையை மறுபடி வரையும், அவ்வளவுதான். படகில் எலுமிச்சம்பழம் கட்டுவதாவது மனத்துக்குத் தைரியம். இதில் அதுகூட இல்லை.

எனக்குப் பிடித்த வித்தை ஜங்ஷன், அதாவது ஒரு ஃபோல்டரைத் தேடி வருவதை இன்னொரு ஃபோல்டருக்குத் திருப்பிவிடும் குறிப்பு. விண்டோஸ் 2000-இலிருந்தே இருக்கிறது. சி-யில் இடத்தை அடைக்கும் ஃபோல்டரை டி-க்கு நகர்த்திவிட்டு, 'எம்கேலிங்க்' கட்டளையால் பழைய இடத்தில் அதே பெயரில் ஒரு ஜங்ஷன் வைக்கலாம். கீழக்கரையில் வீடு மாறியவர்கள் பழைய கதவில் 'பின்தெரு, பச்சைக் கதவு' என்று சீட்டு ஒட்டிப் போவது போல.

உள்ளே நடப்பதைப் பாருங்கள். மென்பொருள் ஒரு படத்தைக் கேட்கிறது. விண்டோஸ் பாதையில் படிப்படியாக இறங்குகிறது: சி, அடுத்து ஆல்பம், அடுத்து... ஆல்பம் என்ற பதிவில் கோப்புப் பட்டியல் இல்லை. ஒரு முத்திரையும் டி-யின் முகவரியும்தான் இருக்கின்றன. உடனே டிஸ்க்கில் கோப்புகளை நிர்வகிக்கும் என்டிஎஃப்எஸ் 'இங்கே இல்லை, அங்கே போ' என்று திருப்பிவிடும். பாதையில் மிச்சமிருந்த பகுதியைப் புது முகவரியோடு ஒட்டிக்கொண்டு தேடல் முதலிலிருந்து தொடங்கும். இப்படி ஒரே பாதையில் 63 சீட்டு வரை தாங்கும். கேட்ட மென்பொருளுக்கோ தான் அலைந்ததே தெரியாது. சி-யிலிருந்துதான் வாங்கினோம் என்று நம்பிக்கொண்டிருக்கும்.

விண்டோஸ் ஃபோல்டரிலோ புரோகிராம் ஃபைல்ஸ் முழுவதிலுமோ இதைச் செய்யாதீர்கள், அப்டேட்டில் மாட்டுவீர்கள். டி பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் மென்பொருள் திறக்கவும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஜங்ஷனுக்குள் போய்க் கோப்பை அழித்தால் டி-யில் இருக்கும் அசலே போய்விடும் என்பதையும் தம்பியிடம் இரண்டு முறை சொன்னேன். கல்யாணப் படமாயிற்றே.

சந்தேகமிருந்தால் மறைந்திருக்கும் சிஸ்டம் கோப்புகளைக் காட்டச் சொல்லி உங்கள் சி-யையே பாருங்கள். 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்று அம்புக்குறியோடு ஒன்று நிற்கும். சொடுக்கினால் அனுமதி இல்லை என்று முறைக்கும். பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மென்பொருள்கள் பழைய முகவரி தேடி வந்தால் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்கு அனுப்ப, மைக்ரோசாஃப்ட்டே ஒட்டிவைத்த சீட்டு அது.