பைசெப்ஸ்: இருதலைத் தசை

உடற்பயிற்சிக் கூடங்களில் பைசெப்ஸ் அளவுக்குப் புழங்கும் உடற்கூற்றுச் சொல் வேறில்லை. இலத்தீனில் ‘பை’ என்றால் இரண்டு. ‘செப்ஸ்’ என்பது தலையைக் குறிக்கும் ‘காபுட்’ என்ற சொல்லின் வழிவந்தது. முன்னும் பின்னும் முகம் கொண்ட யானுஸ் என்னும் வாயிற்கடவுளையும் ரோமானியர்கள் இப்படித்தான் அழைத்தார்கள். கடைசியில் நிற்கும் ‘ஸ்’ பன்மை விகுதி அன்று. அதை நறுக்கிப் ‘பைசெப்’ என்பது ஆங்கிலத்திலேயே பின்னால் வந்த பழக்கம்.

பாடநூல்கள் இதை இருதலைத் தசை என்கின்றன. நல்ல சொல்தான், ஆனால் தமிழில் ‘இருதலை’ இரண்டு விதமாகப் பொருள் தரும். இருதலைக் கொள்ளி என்றால் இரு முனையிலும் எரிவது. சங்கப் பாட்டில் வரும் இருதலைப் புள்ளுக்கோ ஓருடலில் இரண்டு தலை. தசைக்குப் பொருந்துவது இந்தப் பறவைதான். தசை தொடங்கும் இடமே தலை. தலைமடை என்கிறோமே, அந்தத் தலை.

அந்தத் தலைகள் இருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். இத்தசை மேற்கையில் புடைத்துத் தெரிந்தாலும் மேற்கை எலும்பில் தொடங்குவதில்லை. இரு தலைகளும் தோள்பட்டை எலும்பில் இருக்கின்றன: நீள்தலை தோள்குழிக்கு மேலே, குறுந்தலை காக்கை அலகுபோல் துருத்தி நிற்கும் முனையில். கீழே இரண்டும் சேர்ந்து, முழங்கையைத் தாண்டி, முன்கையில் கட்டைவிரல் பக்கமுள்ள ஆர எலும்பைப் பற்றுகின்றன. ஆக, ஒரே தசை இரண்டு மூட்டுகளைக் கடக்கிறது. சாய்ந்த பலகையில் கைகளை உடலுக்குப் பின்னால் தொங்கவிட்டு டம்பெல் தூக்கும்போது நீள்தலை கூடுதலாக இழுபடுவது இதனால்தான். முன்கையைத் திருப்பி உள்ளங்கையை மேலே கொண்டுவருவதும் இத்தசையின் வேலை. உள்ளங்கை கீழே பார்க்கத் தூக்கினால் இதன் பங்கு குறைந்து, அடியில் மறைந்திருக்கும் வேறொரு தசை பெரும்பாரத்தை ஏற்கிறது.

ஒரு கணக்கு. தசை பற்றும் இடம் முழங்கை மூட்டிலிருந்து சுமார் 5 செ.மீ., கையில் உள்ள எடை சுமார் 35 செ.மீ. தொலைவு என்று கொள்வோம். முன்கை கிடைமட்டமாக நிற்கையில் 10 கிலோவைத் தாங்க, மடக்கும் தசைகள் ஏறக்குறைய 70 கிலோ எடைக்கு ஈடான விசையோடு இழுக்க வேண்டும். நட்டக் கணக்குபோலத் தோன்றும். ஆனால் தசை சில செ.மீ. சுருங்கினாலே கை பெரிய வில்வட்டம் போடுகிறதே, அந்த வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை இது.

தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால் கையை நீட்டப் பின்புறத்தில் முத்தலைத் தசை இருக்கிறது. எடையை இறக்கும்போது முத்தலைத் தசைதான் உழைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இறக்குவது புவியீர்ப்பு, மெல்ல மெல்ல நீண்டபடி அதைப் பிடித்து நிறுத்துவது அதே இருதலைத் தசை.

செய்தித்தாள்கள் ‘தசைநார்’ என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுகின்றன. தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். வில்லின் நாணேதான், அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. எலும்பை எலும்போடு கட்டுவதில் தசையே இல்லை; அதை மூட்டுநார் என்பேன். தரையில் கிடக்கும் எடையை நிமிர்ந்து தூக்கும் டெட்லிஃப்டில் ஒரு கை முன்னோக்கியும் ஒரு கை பின்னோக்கியும் பிடிப்பவர்களுக்கு, உள்ளங்கை முன்னோக்கிய கையின் முழங்கையருகே அறுந்துபோகும் ஆபத்து உள்ளது தசைநாணுக்கே, மூட்டுநாருக்கு அன்று.